எட்டரை வீசை

எங்கள் குடும்பத்தில் உட்கார்ந்துகொண்டே சம்பாதித்த முதல் ஆள் நான். அம்மாவும் மார்க்கெட்டில் உட்கார்ந்துதானே காய்கறி விற்றாள் என்று யாராவது கேட்டால், அவர்கள் அவளைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். மயிலாப்பூர் மார்க்கெட்டில் அவள் கடை என்பது ஒரு சாக்கும் நாலு கூடையும் ஒரு தராசும். அதன் நடுவே குந்துவாள், எழுவாள், கத்தரிக்காயைக் குலுக்கி நல்லதை மேலே கொண்டுவருவாள், கீரைக்குத் தண்ணீர் தெளிப்பாள், மாட்டை விரட்டுவாள். நைனா, அதுதான் எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பெயர், மூன்று சக்கர வண்டி மிதிப்பவர். விடியும் முன்பே கொத்தவால்சாவடி மொத்த மார்க்கெட்டுக்குப் போய் அம்மாவுக்கும் இன்னும் பத்துக் கடைக்காரிகளுக்கும் மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார். இரண்டு பேர் உடம்பிலும் எலும்பும் நரம்பும் தவிர வேறெதுவும் ஒட்டியதில்லை.

அதையெல்லாம் சேர்த்து என் உடம்பில் ஒட்டவைத்தார்கள்.

படிக்கிற பிள்ளை பாரம் தூக்கக் கூடாது. ராயப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த சந்தில் அது ஒரு சட்டம். குழாயடியில் நான் குடத்தைத் தொட்டால் போதும், அம்மா சத்தம் போடுவதற்கு முன்னால் எதிர்வீட்டுக்காரி சத்தம் போடுவாள். "நீ எதுக்குப்பா? போய் படி." எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு கரண்டி இருந்தது, மற்றவர்கள் கரண்டியைவிட அது பெரியது. காலையில் இரண்டு முட்டை எனக்கு. மீன் குழம்பில் நடுத்துண்டு எனக்கு. விற்காத காய் அவர்களுக்கு, கூடையில் முதலில் பொறுக்கிய காய் எனக்கு. பள்ளிக்கூடம் முடித்து, பி.யூ.சி. முடித்து, தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் எழுத உட்கார்ந்த பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை. படிக்கிற பிள்ளை படித்த பிள்ளை ஆனேன், அவ்வளவுதான்.

அம்மாவின் பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்கும் அத்தை ஒருத்தி இருந்தாள். உறவில்லை, பழக்கத்தில் அத்தை. நான் மார்க்கெட் பக்கம் போனால் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "உன் புள்ள தாசில்தாரு கணக்கா கீறான்க்கா" என்பாள். அன்றைக்கு அம்மா வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் கறிவேப்பிலையை ஒரு கொத்து கூடவே போடுவாள்.

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். எனக்கு நாலைந்து வயதிருக்கும்போது டீபி வந்து, இளைத்து இளைத்துச் செத்துப்போனார். எனக்கு ஞாபகம் இருப்பது கயிற்றுக் கட்டிலில் போர்வைக்கு வெளியே தெரிந்த ஒரு முழங்கால் மட்டும். அவரைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. ஆனால் அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடியற்காலையில் எழுந்ததும், தூங்கிக்கொண்டிருக்கும் என் மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பிடிப்பாள். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடாது. நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எழுந்து போவாள். நாளெல்லாம் கீரைக்கட்டைப் பிடித்துப் பார்க்கிற கை, பழக்கத்தில் என்னையும் பிடித்துப் பார்க்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினேன். மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. டாக்டர் என்னை எடை பார்த்தார், கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார், ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உயரம் அஞ்சடி நாலு. எடை எண்பத்தாறு. எனக்கு இருக்க வேண்டிய பிரஷர் உனக்கு இருக்கு. வீட்ல யாரு சமையல்?"

"அம்மா, சார்."

"உன்மேல ரொம்பப் பிரியமோ?"

"ஆமா, சார்."

"தெரியறது" என்றார். "ஆறு மாசம் டைம் எழுதறேன். எடையைக் குறைச்சுண்டு வா. நடக்கணும், தெனம் நடக்கணும். அப்பவும் இப்படியே இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும்."

வீட்டுக்கு வந்தால், அம்மா கேசரி கிளறிச் சந்து முழுவதும் கொடுத்து முடித்திருந்தாள். மெடிக்கல் என்பது ஒரு ஊசி போட்டுவிட்டு வேலையைக் கையில் கொடுக்கிற இடம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "இன்னாச்சி?" என்றாள். "லெட்டர் வர ஆறு மாசம் ஆவும்னாங்க" என்றேன். வேறென்ன சொல்வது? நீ போட்ட சோறுதான் குறுக்கே நிற்கிறது என்றா? எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கேசரியைத் தட்டில் போட்டாள். அது ஒரு பெரிய தட்டு. நெய் விளிம்புவரை வந்து நின்றிருந்தது. தின்றேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, சாந்தோம் கடற்கரைக்குப் போனேன். அங்கே இறங்கித் தெற்கே மணலில் நடந்தால் குப்பங்களைத் தாண்டி அடையாறு கடலில் சேரும் இடம் வரும். அதற்கு மேற்கே ஆற்றின்மேல் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. முதல் நாள் நான் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது கட்டுமரத்தை எட்டுவதற்குள் மூச்சு முட்டி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். செருப்புக்குள் மணல், சட்டைக்குள் வியர்வை. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பஸ்ஸு போயிடுச்சா?" என்றார்.

ஒரு வாரத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். இரண்டு வாரத்தில், காய்ந்த மணலைவிட அலை நனைத்த மணல்தான் நடக்கிறவனைத் தாங்கும் என்று தெரிந்துகொண்டேன். ஒரு மாதத்தில் முகத்துவாரம் வரை போய்விட்டேன். தினமும் ஒரே நேரத்தில் போவதும் வருவதுமாக, குனிந்த தலையோடு என்னைப் பார்த்த அந்த மீனவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"எதுனா தொலச்சிட்டியா சார்? தெனம் தேடிக்கினு போறியே. சொன்னா நாங்களும் பாப்போம்ல."

"இல்லண்ணே, சும்மா நடக்கிறேன்."

"சும்மாவா?" அவர் வலையை விட்டுவிட்டுத் தன் மனைவியைப் பார்த்தார். "கைல ஒண்ணும் இல்ல. எங்கியும் போவல. சும்மா நடக்கிறாராம்."

அவர் சிரித்ததில் தப்பில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் சும்மா நடந்ததில்லை. தலையில் கூடை இருந்தால் நடப்பார்கள், முடிவில் வேலை இருந்தால் நடப்பார்கள். சும்மா நடந்தவர்கள் கச்சேரி ரோட்டுப் பக்கத்துப் பெரியவர்கள். வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பேசிக்கொண்டே நடப்பார்கள். நான் அவர்களோடும் சேராமல், குப்பத்தோடும் சேராமல், இரண்டுக்கும் நடுவே தண்ணீரோரமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

எப்போது அது பிடித்துப்போனது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் வேலைக்காகத்தான் நடந்தேன். எண்ணி எண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு ஒரு நாள் மழை தூறியது. திரும்பிப் போக நல்ல சாக்குதான். போகவில்லை. கடல் ஈயம் பூசியது போல அசையாமல் கிடந்தது, மணல் முழுக்கச் சின்னச் சின்னக் குழி. முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போகிற இடத்தில், தவிட்டு நிறமும் பச்சை நிறமும் கலக்காமல் கொஞ்ச தூரம் கூடவே ஓடின. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முழுக்க நனைந்திருந்தேன். இருபத்திரண்டு வயதுவரை மழையில் நனையக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது என்று என்னை வைத்திருந்தார்கள். அன்றைக்குத் திரும்பும்போது கொஞ்ச தூரம் ஓடினேன். யாரும் ஓடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நண்டுகள். அலை பின்வாங்கியதும் ஈர மணலில் கூட்டமாக வெளியே வந்து, என் நிழல் பட்டதும் சர்ரென்று ஓடி வளைக்குள் மறையும். ஒன்றையாவது அது வளைக்குப் போகும் முன் முந்திவிட வேண்டும் என்று ஒரு பைத்தியக்கார ஆசை வந்தது. தினமும் தோற்றேன். தோற்கத் தோற்க வேகம் கூடியது.

சாப்பாட்டுக்கு ஒரு வழி பண்ணினேன். அம்மா மூன்றடுக்குக் கேரியரில் கட்டித் தருவாள். கீழடுக்கில் பாதிச் சோற்றை நான் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் கடைப்பையன்களிடம் தள்ளிவிடுவேன். கடை முதலாளியைத் தெற்கத்திக்காரர் என்று எல்லாரும் அண்ணாச்சி என்போம். துணி மடிக்கிற இளைஞர்கள் மூன்று பேர் என் கேரியரைச் சுற்றி உட்காருவதைப் பார்த்து அவர் சொன்னார், "தம்பி, உம்ம அம்மை கையில என்னமோ இருக்கு. அவனுவ மூணு பேரும் ஊதிட்டானுவ, நீரு வத்திட்டு வாறீரு. நல்லாச் சாப்பிடுதீரா?"

"சாப்பிடறேன் அண்ணாச்சி."

மாம்பலம் ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் யந்திரம் ஒன்று இருந்தது. காசு போட்டால் விளக்குகள் ஓடி, சக்கரம் சுற்றி, தடித்த அட்டையில் ஒரு சீட்டு விழும். ஒரு பக்கம் நடிகையின் படம், மறு பக்கம் எடையும் ஒரு வரி ஜோசியமும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கடை விட்டு வரும்போது ஏறுவேன். எண்பத்தாறு, எண்பத்தைந்து, எண்பத்து மூன்று. நடுவில் ஒருமுறை பொங்கல் வந்ததால் எண்பத்து நான்கு. பிறகு எண்பத்திரண்டு, எண்பது, எழுபத்தொன்பது. அந்தச் சீட்டுகளை என் பழைய பூகோளப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைத் தகரப் பெட்டிக்குள் வைத்தேன்.

என் கணக்கில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் கணக்கு வேறாக இருந்தது என்பது எனக்குப் புலப்படவில்லை. கேரியர் தினமும் காலியாகத் திரும்பி வருகிறது. பிள்ளையின் சட்டை தோளில் தொங்குகிறது. அப்படியென்றால் தின்றது எங்கே போகிறது? காய் வாடினால் எடை குறையும். எடை குறைந்தால் அது வாடிக்கொண்டிருக்கிறது. முப்பது வருடமாகத் தராசு பிடித்தவளுக்கு எடை குறைவதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

அவள் செய்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான். கேரியரை நாலடுக்காக மாற்றினாள். முட்டை மூன்றானது. மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை என்று கண் கலங்கினாள். மசூதி வாசலில் நின்று தாயத்து வாங்கிக் கட்டினாள். சாந்தோம் கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றினாளாம், எலுமிச்சம்பழ அத்தை சொன்னாள். அப்படியே என்னை உற்றுப் பார்த்து, "இருமல் எதுனா கீதா கண்ணு?" என்று கேட்டாள்.

"இல்லியே அத்தே. இன்னாத்துக்கு?"

"சும்மாதான்" என்று பழத்தை அடுக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் அம்மா என் கைக்குட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறை போகவில்லையோ என்று நினைத்துக் கடந்து போனேன். இன்னொரு நாள் விடியற்காலையில் நான் விழித்துக்கொண்டேதான் படுத்திருந்தேன். அவள் விரல்கள் வந்து என் மணிக்கட்டைச் சுற்றின. கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொண்டன. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் தூங்குவது போல் கிடந்தேன். படித்த பிள்ளைக்கு அவ்வளவுதான் புத்தி.

நாலாம் மாதம் முடிகிற சமயத்தில் ஒரு திங்கட்கிழமை. வழக்கம் போல் கிளம்பினேன். அன்றைக்குத் தண்ணீர் நன்றாக உள்வாங்கியிருந்தது, நண்டுகள் ஏராளம். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய நண்டைத் தேர்ந்தெடுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்தினேன். அது வளைந்து வளைந்து ஓடியது, நானும் வளைந்தேன். கடைசி நொடியில் அதற்கும் வளைக்கும் நடுவே காலை வைத்துவிட்டேன். நாலு மாதத்தில் முதல் வெற்றி. நண்டு திகைத்து நின்றது. நான் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். குதித்துவிட்டு, யாராவது பார்த்திருப்பார்களோ என்று வெட்கப்பட்டுத் திரும்பினேன்.

தூரத்தில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல், நேராக, என்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில். தலையில் கூடை வைப்பதற்குச் சுருட்டிய சும்மாடு மட்டும் இருந்தது. கூடை இல்லை.

பக்கத்தில் வந்ததும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

"இங்க இன்னா பண்ற?"

"நடக்கிறேன்மா."

"எங்க?"

"எங்கியும் இல்ல. இது வரிக்கும் வந்துட்டுத் திரும்பிடுவேன்."

"டைப்பு கிளாசு?"

அவள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே என் எடைச் சீட்டுகள். நடிகைகளைக் கீழே தள்ளி எண்கள் மேலே இருக்கும்படி வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது. எடை தெரியாதா? எண்பத்தாறு. இது எண்பத்தி மூணு. இது எழுவத்தொம்போது." ஒவ்வொன்றாக விரலால் தட்டினாள். "என் தம்பிக்கும் ஆஸ்பத்திரில மாசாமாசம் சீட்டு எழுதிக் குடுத்தாங்க. எனுக்குத் தெரியக் கூடாதுன்னு தலவாணிக்குள்ள வெச்சிருந்தான். போனப்பறம்தான் எடுத்துப் பாத்தேன். நீயும் பொட்டிக்குள்ள ஒளிச்சி வெச்சிகிற. விடிகாலைல கிளம்பிப் போற. ராயப்பேட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் போறன்னு பின்னாடியே வந்தேன். நீ இந்தாண்ட திரும்புன. சரி, கடல்ல வுயப் போறான்னு..."

சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த மணலிலேயே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர், எண்பத்தாறு கிலோ, ஆறு மாதம், அடுத்த ஆளுக்குப் போய்விடும் வேலை. அவள் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அலை வந்து எங்கள் காலடிவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"அப்ப என் சோத்தாலதான்."

"இல்லம்மா. நான் குந்திக்கினே இருந்ததால."

"குந்து குந்துன்னு நாந்தான சொன்னேன்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காய்ப்பு ஏறிய உள்ளங்கை, பிடியில் கொத்தமல்லி வாசனை.

"டீபி இல்லியே?" என்றாள்.

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"நீ சொல்றதுக்காவ இல்ல. அந்த நண்டத் தொரத்திக்கினு ஓடுன பாரு, பாத்தேன். சீக்காளி அப்டி ஓட மாட்டான். குதிச்ச பாரு, அப்பதான் எனுக்கு மூச்சே வந்துச்சி." திடீரென்று ஏதோ தோன்றி என் பக்கம் திரும்பினாள். "அப்ப கேரியர் எப்டிடா காலியா வருது?"

சொன்னேன்.

"அடப்பாவி. என் வஞ்சரக் கொயம்பு எவனெவனோ துன்னுகினு கீறானா?" முதுகில் ஒன்று வைத்தாள். நாலு மாதத்துப் பயம் முழுக்க அந்த அடியில் இருந்தது; நன்றாகவே வலித்தது.

திரும்பி நடக்கும்போது அவளை என்னால் பிடிக்க முடியவில்லை. நாலு மாதம் பழகியவன் நான். அவள் சும்மா நடந்ததே அன்றைக்குத்தான் முதல் தடவை. கடை திறக்க நேரமாகிவிட்டது என்று பறந்தாள். வலைக்கார அண்ணன் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்.

"உன் புள்ளையாம்மா? மாசக்கணக்கா எத்தயோ தேடிக்கினு கீறான். கேட்டா சொல்ல மாட்றான்."

"தேடல" என்றாள் அம்மா, நிற்காமல். "கொயுப்பத் தொலைக்கிறான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். காசு போட்டால் படம் காட்டுகிற யந்திரத்தை அவள் நம்பத் தயாராக இல்லை. உருளைக்கிழங்கு மண்டியில் உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் மூட்டைத் தராசின் ஒரு தட்டில் என்னைக் குந்தவைத்தார்கள். மறு தட்டில் நைனா இரும்புக் கற்களை ஏற்றினார். அத்தை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்றாள். மூட்டை தூக்குகிறவர்கள் நாலைந்து பேர் சுற்றிக்கொண்டார்கள்.

"இன்னா ரேட்டுக்கா இது?" என்றான் ஒருவன்.

"வாங்குறவன் கிலோக்கணக்குல வாங்க முடியாது. மூட்டையாத்தான் குடுப்பேன்" என்றாள் அம்மா.

தட்டு தரையை விட்டு எழுந்து ஆடி நின்றபோது எழுபத்தெட்டரை. அம்மா உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டாள். அவளுக்கு மனதுக்குள் இன்னும் பழைய வீசைதான். ஒரு வீசை ஏறக்குறைய ஒரு கிலோ நானூறு கிராம். "அஞ்சு வீசைக்கு மேல போயிகீது" என்றாள். இந்த முறை அவள் முகத்தில் பயம் இல்லை. ஒரு கடைக்காரி இன்னொரு கடைக்காரியின் சரக்கைப் பார்க்கிற கவனம் இருந்தது.

அதிலிருந்து பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் அரைக் கிலோவுக்கு மேல் குறையக் கூடாது, அதற்கு மேல் குறைந்தால் வாட்டம் என்று தீர்மானித்தாள். எனக்கு அரிசியைக் கடைத் தராசில் நிறுத்துத்தான் உலையில் போட்டாள். நாலடுக்குக் கேரியரில் மேலடுக்கு முழுவதும் கீரை, நடுவில் பூசணி, புடலை, கொத்தவரை. துணி மடிக்கிறவர்கள் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் வியாழக்கிழமைதோறும் தனியாக ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பினாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிது குழாயடி. ஒரு நாள் காலை, நான் கடற்கரையிலிருந்து வந்ததும், இரண்டு பித்தளைக் குடத்தை என் முன்னால் வைத்தாள். "தூக்கு" என்றாள். நான் ஒரு குடத்தைத் தோளிலும் ஒன்றை இடுப்பிலுமாக எடுத்துக்கொண்டு வந்தபோது சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி வாயில் கை வைத்தாள்.

"இன்னாக்கா இது அக்குறும்பு? படிச்ச புள்ளய போய் தண்ணி தூக்க வெச்சிகிற?"

"நானா வெச்சேன்? டாக்டரு எயுதிக் குடுத்துகிறாரு" என்றாள் அம்மா. "ஒரு நாளிக்கி நாலு கொடம். இங்கிலீசுல எயுதிகீது."

டாக்டர் எழுதியது என்றதும் சந்து அடங்கிப்போனது. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்காமலே சொன்னார், "ஆபீசரே, சிந்தாம கொண்டா." என் வாழ்க்கையில் நான் எங்கள் வீட்டுக்குச் சுமந்து வந்த முதல் சுமை அது. பாதிக் குடம் சிந்திவிட்டது. அன்றைக்கு நான் கொண்டுவந்த தண்ணீரில்தான் சோறு வெந்தது. சாப்பிடும்போது நைனா இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் அப்படிக் கேட்பவரில்லை.

ஆறாம் மாதக் கடைசியில் டாக்டர் முன்னால் போய் நின்றேன். எழுபத்து நாலு. கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். பேனாவைத் திறந்தார்.

"எப்படிக் குறைச்சே?"

"நடந்தேன், சார். சாந்தோம்லேர்ந்து முகத்துவாரம் வரைக்கும்."

"சாப்பாடு?"

"அம்மா நிறுத்துப் போட்டாங்க, சார்."

"நிறுத்தா?" என்று நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையெழுத்தைப் போட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மா காத்திருந்தாள். தாளை நீட்டினேன். எழுத்தைப் பார்க்கவில்லை, எண் எங்கே என்று தேடி விரலை வைத்தாள். "எட்டரை வீசை" என்றாள். பிறகு தாளை நாலாக மடித்துச் சுருக்குப் பைக்குள், என் பழைய சீட்டுகளோடு வைத்துக்கொண்டாள். அந்தப் பை இப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கிறது. ஆபீஸில் கேட்டபோது அதை வாங்க நான் பட்ட பாடு தனி.

மறுநாள் காலை நான் எழவில்லை. வேலை கிடைத்துவிட்டது, இனி எதற்கு என்று உடம்பு கேட்டது. விழித்துக்கொண்டே கையைப் போர்வைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தேன். அம்மா எழுந்தாள், கூந்தலை முடிந்தாள், சும்மாட்டைச் சுருட்டினாள். என் பக்கம் வந்தாள். மணிக்கட்டைத் தொடவில்லை. தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள்.

"கை எங்கம்மா?" என்றேன்.

"இன்னா கை?"

"தெனம் புடிச்சிப் பாப்பியே."

"எனுக்கு வேற வேலயில்ல?" வாசலில் கீரைக்கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். "எந்திரி. நண்டெல்லாம் உள்ள போயிடப் போவுது."